மேற்படி, மேற்படி

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலை பதினொன்று பத்துக்கும் பதினொன்றே முக்காலுக்கும் நடுவில், மணலோடைப் பதிவகத்துக்குள் தனியாகப் போன பதினொரு பேர் இரண்டிரண்டு பேராக வெளியே வந்தார்கள். ஒருவர் இடப்பக்கக் கவுண்டர் வழியாகவும் இன்னொருவர் வலப்பக்கக் கவுண்டர் வழியாகவும் வந்தார்கள், இருவர் கையிலும் அதே சான்றிதழ், இருவர் காலிலும் அதே தேய்ந்த செருப்பு, வாசலில் ஒருவரையொருவர் பார்த்தபோது அவர்கள் கத்தவும் இல்லை, மயங்கி விழவும் இல்லை, கூட்டமான இடத்தில் நாம் எல்லாரும் செய்வதுபோல் கொஞ்சம் ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட்டார்கள். பதினோராவதாக வந்தவள் என் மனைவி சண்முகக்கனி. எங்கள் மகள் மகிழினிக்கு ஆறு வயதாகியும் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமலே கிடந்தது, பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு, புருஷன் அதே ஆபீஸில் வேலை பார்த்தும் நடக்காத காரியத்தைத் தானே முடிப்பது என்று கனி அன்றைக்குக் கிளம்பி வந்திருந்தாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது ஒரு கனி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், இன்னொரு கனி புளி கரைத்துக்கொண்டிருந்தாள், இருவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து "வந்துட்டீயளா" என்றார்கள். மகிழினி நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, அம்மா ரெண்டாயிட்டா" என்று சொல்லிவிட்டுப் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காப்பி கேட்டேன். இரண்டு டம்ளர் வந்தது, இரண்டையும் குடித்தேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது எதையும் ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்திருக்காது. முதல் இரண்டு நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் டீக்கடையில் இவர்களுக்கு ஒரு டீயை இரண்டாக ஆற்றுவதா இரண்டு டீ போடுவதா என்று ஒரு சச்சரவு வந்து இரண்டு டீ என்று முடிவானது, எட்டாம் நாளைக்குள் இடக்கவுண்டர் வழியாக வந்தவர்களுக்கு இடத்தார் என்றும் வலக்கவுண்டர் வழியாக வந்தவர்களுக்கு வலத்தார் என்றும் பெயர் விழுந்து, கல்யாணப் பத்திரிகைகளில் "தங்கள் இரட்டையுடன் வருகை தந்து" என்று அச்சடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். முடிவெட்டும் வைகுண்டம் அண்ணாச்சி கடையில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார், இடத்து அண்ணாச்சி அரசியல் பேச, வலத்து அண்ணாச்சி அதை மறுக்க, உட்கார்ந்திருப்பவனின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கிருதா ஏற்ற இறக்கமாகப் போனது. ஓய்வுபெற்ற தங்கபுஷ்பம் டீச்சர் இருபது வருடமாகத் தனி வீட்டில் யாரோடும் ஒத்துப்போகாமல் இருந்தவர், இப்போது தன்னோடேயே சண்டை பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு முகம் தெளிந்து நடமாடினார்.

இதெல்லாம் பதிவகத்தில் புதிதாக வந்த இயந்திரங்களின் ராசி என்று ஊர் முடிவு செய்தது. மேலாளர் கோமதிநாயகம் சார் அதை மறுக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், இயந்திரங்களை நிறுவிப் பரிசோதித்த எஞ்சினியர் தம்பி இசக்கிராஜா என்று மைக்கில் சொன்னார்கள், கைதட்டினார்கள், எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. அந்தச் சால்வையை நான் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வரும் வழியில் பஸ் நிலையத்துப் பெஞ்சில் விட்டுவிட்டு வந்தேன். யாரோ நல்லவர் மறுநாள் அதைத் துவைத்துத் தேய்த்து என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

நடந்தது எதனால் என்று ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பதிவகத்தில் இரண்டு சர்வர்கள் உண்டு. இடக்கவுண்டர் ஒன்றில் ஓடும், வலக்கவுண்டர் மற்றதில் ஓடும், ஆனால் எழுதுவது இரண்டும் ஒரே பெரிய டிஸ்க்கில்தான், ஊரில் பிறந்தது செத்தது கட்டிக்கொண்டது எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நோட்டில் எழுதினால் ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதிவிடக் கூடாதல்லவா, அதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள் போட்டிருக்கும், அதன் வழியாக நொடிக்கு நொடி ஒன்று இருக்கியா என்று கேட்கும், மற்றது இருக்கேன் என்று சொல்லும், இருக்கியா, இருக்கேன், இருக்கியா, இருக்கேன், பகலும் ராத்திரியும் இதே பேச்சு. என்றைக்காவது பதில் வராமல் போனால், மற்றது செத்துப்போனதா அல்லது நடுவில் கேபிள்தான் போய்விட்டதா என்று இரண்டுக்கும் தெரியாது. அதற்குத்தான் மூன்று சின்ன டிஸ்க்குகள். அவற்றில் யாருடைய பெயரும் இருக்காது, ஒரு எழுத்தும் இருக்காது, அவை தீர்ப்புச் சொல்லத்தான். பேச்சு நின்ற உடனே இரண்டு சர்வரும் அந்த மூன்றையும் பிடிக்க ஓடும், மூன்றில் இரண்டைப் பிடித்தது வேலையைத் தொடரும், மற்றது வேலிக்கு வெளியே போய்விட வேண்டும், அதன் பிறகு அது பார்க்கலாம், எழுத முடியாது.

அந்த மூன்று டிஸ்க்கும் சொன்னபடி கேட்கின்றனவா என்று பரிசோதிப்பதுதான் என் வேலை. முதல் சர்வரில் போய் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டாவதில் போய் எழுதிப் பார்க்க வேண்டும், அது எழுத விடாமல் மறுக்க வேண்டும், பிறகு மாற்றிச் செய்ய வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சர்வரும் காட்டுகிற டிஸ்க் ஒரே டிஸ்க்தானா என்று சீரியல் நம்பரை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு இருபது நிமிடம். திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. சேர்மன் வந்து உட்கார்ந்துவிட்டார், சர்வர்கள் நிற்கிற ரேக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது, பத்தரைக்கு ராகுகாலம், நான் முதல் டிஸ்க்கை முடித்தபோது மணி பத்து பதினெட்டு. கோமதிநாயகம் சார் கையில் கத்தரிக்கோல் தட்டோடு கதவருகே நின்று, "வே, முடிஞ்சா முடிஞ்சதுன்னு கையெழுத்தப் போடும், நல்ல நேரம் போவுது" என்றார். படிவத்தில் முதல் வரியில் எல்லாம் சரி என்று எழுதியிருந்தேன். இரண்டாவது வரியில் மேற்படி என்று எழுதினேன், மூன்றாவது வரியில் மேற்படி என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், சார் தன் கையெழுத்தைப் போட்டார், பத்து இருபத்தைந்துக்கு ரிப்பன் வெட்டினார்கள், கேசரி நன்றாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரேக்கில் வாழைக்கன்று கட்டினோம். கட்டின கயிறு இழுத்ததில் நடுக்கேபிள் கழன்று வந்துவிட்டது. இருக்கியா என்று இரண்டும் கேட்டன, இரண்டுக்கும் பதில் இல்லை. இரண்டும் ஓடின. முதல் டிஸ்க்கை ஒன்றுதான் பிடித்திருக்க முடியும், அது நான் பரிசோதித்த டிஸ்க். இரண்டாவதும் மூன்றாவதும் இடச் சர்வருக்கு ஒரு டிஸ்க்காகவும் வலச் சர்வருக்கு வேறொரு டிஸ்க்காகவும் இணைக்கப்பட்டிருந்தன, ஆகவே இரண்டுமே மூன்றில் இரண்டைப் பிடித்தன, இரண்டுமே தான்தான் ஜெயித்தது என்று எழுதத் தொடங்கின. முப்பத்தைந்து நிமிடம் கழித்து நான் பொரி அள்ளப் போனபோதுதான் கேபிளைப் பார்த்தேன், யாரும் கவனிக்காமல் திரும்பச் சொருகினேன். அதன் பிறகு புதிதாக யாரும் இரட்டிக்கவில்லை, இரட்டித்தவர்கள் இரட்டித்தபடியே இருந்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை, வெட்கம்தான். முதல் நாள் வெட்கப்பட்டேன், பொன்னாடைக்குப் பிறகு அந்த வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது, பிறகு ஒவ்வொரு நாளும் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. வீட்டிலும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. நான் முன்னறையில் பாயை விரித்துக்கொண்டேன், ஒரு கனி சமைத்தாள், ஒரு கனி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள், என்னிடம் எரிந்து விழும் அளவுக்கு இருவருக்குமே களைப்பு இல்லை. இப்படியே போகட்டும் என்று நான் நினைத்தேன்.

கார்த்திகை பிறந்தபோது மகிழினி ஏழாம் வாய்ப்பாட்டை மறந்தாள். பிறகு ஆறாவதை. இடத்து அம்மா காலையில் சொல்லிக்கொடுத்தது வலத்து அம்மா மாலையில் சொல்லிக்கொடுத்ததோடு அழிந்துபோனது, வலத்து அம்மா சொன்ன கதை இடத்து அம்மாவின் தாலாட்டில் காணாமல் போனது. ஒரே விஷயத்தை இருவரும் சொன்னால்கூட நிற்கவில்லை. பச்சை நிறத்தைக் காட்டி என்னவென்று கேட்டால் விழித்தாள், வெந்நீர் சுடும் என்பதை மறந்து கையை விட்டாள், பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், டாக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, சத்தான சாப்பாடு கொடுங்கள் என்றார். வைகுண்டம் அண்ணாச்சியின் அம்மாவும் மகன் பெயரை மறந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. ஊர் அதற்கும் பழகி, வயசானால் அப்படித்தான் என்றது.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது மகிழினி என்று மூன்று தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் மற்றவர்களோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் ஆபீஸுக்குப் போய்ப் பெரிய டிஸ்க்கில் அவள் பதிவு இருக்கும் வரியைத் திறந்தேன். இரண்டு சர்வரும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொம்பும் இரண்டு புள்ளியும் கிடந்தன. பதினொரு பேர் வரியும் அப்படித்தான் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய் இரண்டு கனியையும் உட்காரவைத்துச் சொன்னேன். கேபிள், டிஸ்க், ராகுகாலம், மேற்படி, எல்லாம். இடத்துக் கனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவசரத்துல விட்டுப்போச்சு. தெரியாம நடந்தது" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளை எங்கள் மூவரையும் யாரோ விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. ரெண்டாவது டிஸ்க்கோட நம்பர பாத்தேன். கடைசி நாலு எழுத்து இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எழுதினேன்."

வலத்துக் கனிதான் பேசினாள்.

"ஒரு மாசமா பிள்ள கண்ணு முன்னால அழிஞ்சிட்டு இருக்கு. அவளுக்கு வல்லாரை வாங்கியாந்தீய. தர்காவுல போய் மந்திரிச்சுட்டு வந்தீய. தெரிஞ்சுக்கிட்டேவா வாங்கியாந்தீய?"

"ஆமா."

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். மூணு டிஸ்க்கையும் ஒழுங்கா மாத்தி, ஒழுங்கா டெஸ்ட் பண்ணி, கேபிள மறுபடி உருவணும். ஒண்ணு நிக்கும். ஒண்ணு வெளிய போயிரும்."

"வெளியன்னா? செத்துப்போயிருவோமா?" என்றாள் இடத்துக் கனி.

"இல்ல. இங்கதான் இருப்பா. பாக்கலாம், கேக்கலாம். ஆனா அவ செய்யுறது எதுவும் யார்கிட்டயும் நிக்காது. சொன்னாக்க அந்த நிமிசம் காதுல விழும், மனசுல தங்காது."

யாராவது ஒருத்தி நான் போகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சினிமாவில் அப்படித்தான் சொல்வார்கள். இருவருமே சொல்லவில்லை. "எனக்கு இருக்கணும்" என்றாள் இடத்துக் கனி. "எனக்கும் இருக்கணும். நாந்தான பெத்தேன்" என்றாள் வலத்துக் கனி. பிறகு இருவரும் எழுந்து உலையில் அரிசி போடப் போனார்கள். அவர்களில் ஒருத்தி தியாகம் செய்து என்னைக் காப்பாற்றுவாள் என்று காத்திருந்ததற்காக, செய்த தப்பைவிட அதிகமாக நான் வெட்கப்பட்டேன்.

கோமதிநாயகம் சாரிடமும் போய்ச் சொன்னேன். "அந்தப் படிவத்துல என் கையெழுத்தும் இருக்கு வே. இத ஏன் வெளிய சொல்லுதீரு? கமுக்கமா மாத்திட்டுப் போவும்" என்றார். கமுக்கமாக எப்படிச் செய்வது, இருபத்திரண்டு பேரில் பதினொரு பேர் வெளியே போகப் போகிறார்கள். டீக்கடைக்குப் போய் நின்று, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுக்கென்ன தம்பி, ஆளாளுக்குச் செய்யுறதுதான, நானுந்தான் அவசரத்துக்கு ஒரு கன்னத்த மேற்படின்னு விட்டிருக்கேன்" என்று வலத்து அண்ணாச்சி என் தோளைத் தட்டினார், கடைக்காரர் எனக்கு ஒரு டீயைக் கையில் திணித்தார், அந்த டீயை விழுங்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தங்கபுஷ்பம் டீச்சர்கள் மட்டும் என்னைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கலியே" என்றார் ஒருவர்.

மறுநாள் காலை பதினொரு ஜோடியும் பதிவகத்துக் கூடத்தில் வந்து நின்றார்கள், அவரவர் அம்மா, பிள்ளை, பெண்டாட்டியோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல். மூன்று டிஸ்க்கையும் மாற்றி இணைத்தேன். முதல் சர்வர் காட்டிய நம்பரை நான் உரக்கப் படிக்க இடத்துக் கனி எழுதினாள், இரண்டாவது காட்டியதை வலத்துக் கனி எழுதினாள், இரண்டு தாளையும் சேர்த்துவைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். இங்கே பிடித்தேன், அங்கே எழுதிப் பார்த்தேன், மறுத்தது. அங்கே பிடித்தேன், இங்கே எழுதிப் பார்த்தேன், மறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லா வரியையும் முழுசாக எழுதினேன். முடித்துவிட்டு மணியைப் பார்த்தேன், சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

மகிழினி நடுவில் நின்றாள், இரண்டு கனியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். நான் கேபிளைப் பிடுங்கினேன். இருக்கியா என்று இரண்டும் கேட்டிருக்கும். வலச் சர்வரின் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னிவிட்டு மஞ்சளாக மாறியது. வலத்துக் கனி குனிந்து பிள்ளையிடம் ஏதோ சொன்னாள், பக்கத்தில்தான் நின்றேன், என் காதில் முழுசாக விழுந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், எல்லார் காலும் ஈரத்தில் பதிந்திருந்தது, அவள் வாசல்வரை நடந்துபோன வழியில் ஒரு தடமும் இல்லை. மகிழினி பிடி இல்லாத தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்றக் கையைப் பிடித்திருந்தவளிடம், "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

தைக்குள் அவளுக்கு எல்லா வாய்ப்பாடும் திரும்பி வந்துவிட்டது, பதினாறு வரைக்கும். அவள் வரியில் இப்போது முழுப் பெயரும் இருக்கிறது. ஊர் இதற்கும் பழகிவிட்டது. வெளியே போன பதினொரு பேர் எங்களோடுதான் இருக்கிறார்கள், பஸ்ஸில் அவர்களுக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள், வைகுண்டம் அண்ணாச்சி கடையில் இரண்டாவது நாற்காலியை எடுக்கவில்லை, தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டில் ஒரு குரல் சண்டை போட்டுவிட்டு நிற்கிறது, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அதே குரல்தான் வருகிறது. எங்கள் வீட்டில் வலத்துக் கனி போடுகிற உப்பு குழம்பில் கரிப்பதில்லை, அவள் பெருக்கிய இடத்தில் குப்பை அப்படியே கிடக்கிறது. என் வேலை போகவில்லை. புதிய படிவத்தில் மேற்படி என்று எழுதக் கூடாது என்று கோமதிநாயகம் சார் ஒரு சுற்றறிக்கை விட்டார், அதோடு விஷயம் முடிந்தது.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கும் அவள் முன்னால் போய் நிற்கிறேன். "கனி, என்னய மன்னிச்சிட்டியா?" என்று கேட்கிறேன். நான் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் கேட்டது நான். திரும்பி உள்ளே வரும்போது வெளிச்சம் குறைந்திருக்கும், என் கன்னம் நனைந்திருக்கும், கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"அவ்வளவு நேரமா பேசிக்கிட்டு இருந்தீய. என்ன சொன்னா?"

"தெரியல" என்கிறேன். "நாளைக்கிக் கேக்கணும்."